வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: ஒரே ஒரு நோயாளியின் கதையை எவ்வளவு நம்பலாம்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒருவருக்கு நடந்தது எனக்கும் நடக்குமா, ஒருவருக்குக் கேட்ட மருந்து எல்லாருக்கும் கேட்குமா என்பதுதான் அது. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

வாசகி, தஞ்சாவூர்: என் பேத்திக்கு மூன்று மாதம் ஆகிறது. பிறந்த இரண்டாவது வாரத்தில் இடது கண் இமையில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, இப்போது சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. தோல் டாக்டர் ப்ராப்ரனலால் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் "இது பி.பி.க்குக் கொடுக்கிறதாச்சே" என்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு பி.பி. மருந்து கொடுக்கலாமா டாக்டர்?

பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது குழந்தைப் பருவ ரத்தக்குழாய்க் கட்டி, ஹீமாஞ்சியோமா என்பார்கள். பிறந்த சில வாரங்களில் தலைகாட்டி, முதல் ஐந்து மாதத்தில் மளமளவென்று வளர்ந்து, அப்புறம் நின்று, வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் பெரும்பாலும் எதுவும் செய்யாமல் விட்டுவிடுவோம். இமையில் இருப்பதை அப்படி விட முடியாது, ஏனென்றால் கட்டி பார்வையை மறைத்தால் அந்த வயதில் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே பழகாமல் போய்விடும். அதனால் உங்கள் டாக்டர் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்தது சரிதான்.

மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் பொய்யில்லை. இது 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதயத்துக்காக உருவாக்கிய மருந்து, 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்குப் பங்கு உண்டு. அது எப்படிக் குழந்தையின் கட்டிக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தப் பக்கத்தில் வரும் மற்ற கேள்விகளுக்கும் அது உதவும்.

பிரான்சில் போர்தோ நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் மூக்கில் இந்தக் கட்டியோடு ஒரு குழந்தை. அப்போது இதற்கு ஸ்டீராய்டுதான் வழக்கம். ஸ்டீராய்டு கொடுத்ததில் குழந்தையின் இதயத் தசை தடித்துப்போனது, அந்த இதயத்துக்காக ப்ராப்ரனலால் கொடுத்தார்கள். கட்டியைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. மறுநாள் பார்த்தால் அடர்சிவப்பாக இருந்த கட்டி ஊதா நிறத்துக்கு மாறி மெத்தென்று ஆகியிருந்தது. அடுத்து இன்னொரு குழந்தை, கட்டி பெரிது, இதயம் கூடுதலாக ரத்தம் இறைக்க வேண்டியிருந்தது, அதற்கும் இதே மருந்து. ஏழு நாளில் மூடிக் கிடந்த கண்ணைத் தானாகத் திறந்தது. அப்புறம் பெற்றோரிடம் கேட்டு இன்னும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2008இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறிய கடிதமாக எழுதினார்கள், லெயோதே-லப்ரேஸ் என்ற தோல் மருத்துவரின் தலைமையில். அந்தக் கடிதம் உலகம் முழுக்க இந்தக் கட்டிக்கான வைத்தியத்தையே மாற்றிவிட்டது.

இத்தோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டி எப்படியும் ஒருநாள் சுருங்கத்தானே போகிறது, மருந்தால்தான் சுருங்கியது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்வி. 460 குழந்தைகளைச் சேர்த்து, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெறும் திரவம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. ஆறு மாதம் முழு அளவில் மருந்து குடித்த 101 குழந்தைகளில் 61 பேருக்குக் கட்டி முழுவதுமாகவோ கிட்டத்தட்ட முழுவதுமாகவோ மறைந்தது. வெறும் திரவம் குடித்த 55 பேரில் இரண்டே பேருக்கு.

சரி, வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது: வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், பால் குடிக்கும்போதோ குடித்தவுடனோ கொடுங்கள். இந்த மருந்தில் குழந்தைக்குச் சர்க்கரை குறைந்துவிடக் கூடும். குழந்தை வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் இருந்தாலோ அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்கு போன் போடுங்கள். உடம்பு சில்லென்று ஆகி வியர்த்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, மூச்சில் வீசிங் சத்தம் கேட்டாலோ போனுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கே கிளம்புங்கள். மருந்தளவை எடைக்கு ஏற்பக் கணக்குப் போட்டுக் கொடுப்பதால், குழந்தையின் எடை கூடக் கூட டாக்டரிடம் காட்டி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

வாசகர், சேலம்: எங்கள் தெருவில் ஒருவர் ஆவாரம்பூ கஷாயம் குடித்து மூன்று மாதத்தில் சர்க்கரையை 280இலிருந்து 130க்குக் கொண்டுவந்துவிட்டார். என் டாக்டரிடம் சொன்னால் "ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது" என்கிறார். நீங்கள் எல்லாம் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அறிவியல், எங்கள் தெருக்காரர் சொன்னால் கட்டுக்கதையா?

கோபம் புரிகிறது ஐயா, கேள்வியும் நல்ல கேள்வி. உங்கள் தெருக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவே மாட்டேன்.

மேலே சொன்ன போர்தோ குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்துகொண்டே இருக்க வேண்டிய வயதில், ஒரே ராத்திரியில் கட்டியின் நிறம் மாறுகிறது. தானாக அப்படி நடக்காது. அதனால் ஒரு குழந்தையே போதுமான சாட்சியாக இருந்தது, குறைந்தபட்சம் அடுத்த அடி எடுத்து வைக்க. சர்க்கரை அப்படியில்லை. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, காய்ச்சல் வந்தால் ஒன்று, மகள் கல்யாணத்து அலைச்சலில் ஒன்று. 280 என்று பார்த்த அன்று பயந்துபோய் அவர் கஷாயம் மட்டுமா ஆரம்பித்திருப்பார்? ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்திருப்பார், டீயில் சர்க்கரையை நிறுத்தியிருப்பார், நடக்கப் போயிருப்பார், எடை நாலு கிலோ குறைந்திருக்கும், மாத்திரையையும் வேளை தவறாமல் போட்டிருப்பார். முதலில் பார்த்தது சாப்பிட்ட பிறகு, இரண்டாவது பார்த்தது வெறும் வயிற்றில் என்றுகூட இருக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி எடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நாம் எல்லாரும் மறந்துவிடுகிறோம். அதே கஷாயத்தைக் குடித்துச் சர்க்கரை இறங்காதவர்கள் தெருவில் நின்று பேசுவதில்லை. இறங்கியவர் மட்டும்தான் பேசுகிறார்.

இது கஷாயத்துக்கு மட்டும் சொல்வதில்லை, எங்கள் ஆங்கில மருத்துவத்துக்கும் இதே விதிதான், நாங்கள் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பித் துடிக்கும், அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் தப்புத் துடிப்பை அடக்க என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்று மருந்துகள் இருந்தன. கொடுத்தால் இ.சி.ஜி.யில் அழகாக அடங்கிவிடும். ஒவ்வொரு டாக்டரும் தன் கண்ணால் பார்த்தார், ஒவ்வொரு நோயாளியிடமும் மருந்து வேலை செய்தது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று பிரித்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். துடிப்பை அடக்கிய மருந்து ஆளைக் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்த எந்த டாக்டருக்கும் இது தெரிந்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் மாரடைப்பு வந்தவர் இறந்தால் மாரடைப்பால் இறந்தார் என்றுதானே நினைப்போம். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

கஷாயம் குடிக்க ஆசை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நர்சிங் மாணவி, கரூர்: அப்படியென்றால் ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளுக்கு மதிப்பே இல்லையா சார்?

நிறைய இருக்கிறதம்மா. 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு ஒருவகை நிமோனியா, இருவர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் செய்தி. அந்த நிமோனியா எதிர்ப்புச் சக்தி அழிந்துபோனவர்களுக்குத்தான் வரும், திடமான இளைஞர்களுக்கு வராது. ஒப்பிட்டுப் பார்க்கக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை, ஐந்து பேரே போதும். எய்ட்ஸ் பற்றி உலகுக்கு வந்த முதல் தகவல் அது.

அடுத்த ஐந்து வருடத்தில் நம் ஊரிலேயே அதன் தொடர்ச்சி நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவைப் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரிக்கச் சொன்னார். இந்தியாவில் அதெல்லாம் வராது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அப்படித்தான் தெரியவந்தன. வார்டில் வேலை பார்க்கப் போகிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால் அன்றே, மணி நேரத்தோடு, கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். "மறுநாள் காலை நிறம் மாறியிருந்தது" என்ற ஒரு வரியை யாரோ கவனித்து எழுதியதால்தான் மேலே சொன்ன மருந்து கிடைத்தது.

வாசகர், கோயம்புத்தூர்: என் அறிகுறியை இணையத்தில் தேடினால் பயங்கரமான நோய்களின் கட்டுரைகளாக வருகின்றன. தூக்கமே போய்விட்டது.

ஒரு நோய் அபூர்வமாக வந்தால்தான் அதைத் தனிக் கட்டுரையாக எழுதுவார்கள். சாதாரண ஒற்றைத் தலைவலி வந்து மாத்திரையில் சரியானவரைப் பற்றி எந்த இதழும் போடாது. அதனால் நீங்கள் படிப்பது முழுக்க அபூர்வங்களின் தொகுப்பு. மூடி வைத்துவிட்டு உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள்.

விவசாயி, திண்டுக்கல் பக்கம்: களை எடுக்கும்போது நெல் தோகை கண்ணில் கிழித்துவிட்டது. இரண்டு நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்தது. கண் ஆஸ்பத்திரியில் பூஞ்சைக் கிருமி என்று சொல்லி நாட்டமைசின் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இது பழைய மருந்து, புதுசாக வேறு வந்திருக்கிறது என்று என் மச்சான் சொல்கிறான். காசு குறைவு என்று நமக்குப் பழையதைத் தள்ளிவிட்டார்களா?

இல்லை ஐயா, உங்களுக்குக் கொடுத்தது சரியான மருந்து. அதைச் சொல்லக் காரணமே நம் பக்கத்து விவசாயிகள்தான். மச்சான் சொல்கிற புது மருந்து வோரிகோனசோல் என்று நினைக்கிறேன். அது வந்தபோது கண் மருத்துவர்கள் பலரும் அது மேலானது என்றே நம்பினார்கள், ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தது, குணமான தனி நோயாளிகளைப் பற்றிக் கட்டுரைகளும் வந்தன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் புராக்டர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, உங்களைப் போலவே பூஞ்சைப் புண்ணோடு வந்த 323 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு மருந்தையும் ஒப்பிட்டார்கள். 2013இல் முடிவு வெளியானது. பழைய நாட்டமைசின் போட்டவர்களுக்குப் பார்வை நன்றாகத் திரும்பியது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைவு. ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு வித்தியாசம் இன்னும் அதிகம், வயல்வெளிக் காயங்களில் அடிக்கடி வருவதும் அதுதான்.

இது வெளிநாட்டில் குளிர் ஊரில் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களை வைத்து நடந்திருந்தால் நமக்குப் பாதிதான் பயன்பட்டிருக்கும். நம் கண், நம் வயல், நம் பூஞ்சை என்பதால் எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு.

சொட்டை ஆரம்பத்தில் மணிக்கொரு தரம் விடச் சொல்லியிருப்பார்கள், சலிப்பாக இருக்கும், விடாமல் போடுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடுங்கள், அது அடியில் தங்கும் மருந்து. மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம், அது பூஞ்சைக்குத் தீனி போட்டதுபோல் ஆகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் தூசி எடுப்பது எதுவும் வேண்டாம், அதையெல்லாம் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து கண்ணை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாசகி, சென்னை: அம்மாவை ஒரு மருந்து ஆய்வில் சேர்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று அண்ணன் பயப்படுகிறான்.

அண்ணன் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் சட்டம் வந்தது. ஆனால் மறுப்பதற்கு முன் உங்கள் ஊர் வரலாறு ஒன்றைக் கேளுங்கள்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது அதுதான். காசம் வந்தால் சானடோரியத்தில் படுத்துக்கிடந்து, நல்ல சாப்பாடு, நல்ல காற்று என்று ஒரு வருடம் இருக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. படுக்கைகளோ மிகச் சில. சென்னையின் நெருக்கடியான குடிசைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் அதே மாத்திரை என்று ஒரு வருடம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வும் இல்லை. 1959இல் வந்த முடிவு: இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானது, வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் அந்த 193 பேருக்குப் பங்கு உண்டு. உங்கள் தாத்தா பாட்டி யாராவது காசநோய்க்கு வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டிருந்தால், அவர்கள் பலன் அடைந்தது இதனால்தான்.

சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா என்றால், அதே நிறுவனம் ஜார்க்கண்டில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நோயாளியின் வீட்டில் இருந்தவர்களுக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரையும் கொடுத்தார்கள், அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மருந்து, நோய் வந்தவரைக் குணமாக்கியது, பருப்பு பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றியது. ரேஷன் கடைச் சாமான் ஒரு மருத்துவ ஆய்வின் மருந்தாக நின்றதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதை வீட்டுக்கு எடுத்துவந்து எல்லாரும் படிக்க அனுமதிக்க வேண்டும். அவசரப்படுத்தினால் சேராதீர்கள். அம்மாவுக்கு இப்போது கிடைக்கும் சிகிச்சை நிறுத்தப்படுமா, வெறும் மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டா, எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணும் படிவத்தில் இருக்கிறதா பாருங்கள், அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. 2019இல் வந்த விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நாளும், காரணம் சொல்லாமல், வெளியே வரலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. இதையெல்லாம் முகம் சுளிக்காமல் விளக்குகிற டாக்டர் என்றால் நான் சேர்ப்பேன். முடிவு அம்மாவுடையது, உங்களுடையதோ அண்ணனுடையதோ இல்லை.

வாசகர், யாழ்ப்பாணம்: அப்பாவுக்கு வந்தது மிக அரிதான தோல் நோய் என்று சொல்லி, அதை ஒரு மருத்துவ இதழில் எழுத டாக்டர் அனுமதி கேட்கிறார். முகப் படமும் வருமாம், கண்களைக் கறுப்புப் பட்டியால் மறைத்துவிடுவார்களாம். சம்மதிக்கலாமா?

சம்மதிக்கலாம், ஆனால் கேட்டுவிட்டு. கண்ணை மறைத்தால் ஆளைத் தெரியாது என்பது பழைய நம்பிக்கை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே அது போதாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வாய், தாடை, காதில் ஒரு மச்சம் தெரிந்தால் ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். படமே இல்லாவிட்டாலும் வயது, தொழில், ஊர், அரிய நோய் நான்கும் ஒரே பத்தியில் வந்தால் அதுவே அடையாளம்.

சரியாகக் காப்பாற்றிய உதாரணமும் உண்டு. 1953இல் அமெரிக்காவில் கடுமையான வலிப்புக்காக ஓர் இளைஞருக்கு மூளையில் இரு பக்கமும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மடலின் உட்பகுதிகளை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் இதை முன்பு செய்ததே இல்லை என்பார். கை பழகுவதும் மனதில் நிற்பதும் மூளையில் வேறு வேறு வழிகள் என்று அந்த ஒருவரால்தான் தெரிந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் பெயர் எச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். 2008இல் அவர் இறந்த பிறகுதான் ஹென்றி மொலாய்சன் என்ற முழுப்பெயர் வெளியே வந்தது. ஆனால் நினைவே நிற்காத ஒருவரிடம் வாங்கிய சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி இன்றும் இருக்கிறது, அதைக் கேட்பது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

உங்கள் அப்பா தெளிவாக இருக்கிறார் என்றால் அவரிடமே விளக்கிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள், மகனிடம் வாங்குவது போதாது. கட்டுரையை அனுப்பும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் தேவையா, தோலை மட்டும் நெருக்கமாக எடுத்தால் போதாதா என்று கேளுங்கள், பெரும்பாலும் போதும். வெளிவரும் வரை மனம் மாறினால் நிறுத்தலாம், வெளிவந்து இணையத்தில் போய்விட்டால் திரும்பப் பெற முடியாது, அதை அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். அப்புறம், தனி நோயாளியைப் பற்றிய அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2013இல் வந்த கேர் வழிகாட்டி நெறிகள் நோயாளியின் சொந்த வார்த்தைகளையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்கின்றன. அரிப்பு எப்படி இருந்தது, எத்தனை இடத்துக்கு அலைந்தார், எது உதவியது என்று அப்பா சொல்வதை நீங்கள் எழுதி எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள்.